நாற்பது வீட்டுக்கு நாலு வீட்டுப் பஞ்சு

கிட்ட வாங்க கண்ணுகளா. வேலை முடிந்து வந்த களைப்பு முகத்தில் தெரிகிறது. காலை நீட்டிக்கொண்டே கேளுங்கள், தப்பில்லை. விசிறிக் காற்று படுகிற பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். உங்களுக்கு ஒரு கூரையின் கதை சொல்லப் போகிறேன். கூரைக்கு மேலே அடிக்கிற வெயில் ஊருக்கே தெரியும். கூரைக்கு உள்ளே, ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது, அதுதான் கதை.

கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்கு லோரிகள் இரைந்துகொண்டு போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, நகராண்மைக் கழகத்தின் மலிவுவிலை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஏ, பி, சி, டி என்று நாலு ப்ளாக். ஒவ்வொன்றும் ஐந்து மாடி. லிஃப்ட் கிடையாது. அதற்குப் பதிலாக வேறு பெருமைகளை வாசல் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். குளிர்சாதனம் இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கும் வீடு. மின்சாரக் கட்டணம் பாதியாகக் குறையும் வீடு. காற்று குறுக்கே ஓடுவதற்கு எதிரெதிர் ஜன்னல், மாடிப்படி விளக்குகளுக்கு சூரிய ஒளித் தகடு, மேல்மாடியில் தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வெயிலைத் தடுக்கிற மெத்தை. அந்த மெத்தைக்குக் காகிதத்தில் என்னவோ நீளமான பெயர் இருந்தது. சைட்டில் அதற்குப் பெயர் பஞ்சு. கல்லை உருக்கி நூலாக இழுத்த பஞ்சு. ஒரு பக்கம் மஞ்சள் நிறத்தில் சொரசொரப்பு, மறுபக்கம் முகம் பார்க்கலாம் போல வெள்ளித்தாள்.

தனலெட்சுமிக்கு நாற்பத்தொன்பது வயது. கிழக்கு வெளுக்கும்போதே சைட்டில் இருப்பாள். கை இரண்டிலும் தேங்காய் எண்ணெய் பூசி, அதன்மேல் பவுடரைக் கொட்டித் தேய்த்து, பழைய சாரோங் கிழிசலால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டால்தான் பஞ்சைத் தொட முடியும். அப்படியும் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத முள் ஏறிவிடும். குளித்தால் போகாது. சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். தலையில் சும்மாடு வைத்து ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறுவாள். பின்னால் குமுதா. அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பெண்கள். எட்டுப் பேரும் பலகைத் தடுப்பால் பிரித்த ஒரே நீள வீட்டில் குடியிருப்பவர்கள். கூரைத் தகரம் சூடேறி டிக் டிக்கென்று நெட்டி முறிக்கத் தொடங்கினால் மணி ஒன்பது. அதற்குள் ஒரு வீட்டை முடித்தாக வேண்டும். அதற்கு மேல் அங்கே நின்றால் மூச்சே வெந்துபோகும்.

ஏணியில் நின்று, சீலிங் கம்பிகளின் மேல் பஞ்சை விரித்து, வெள்ளிமுகம் கீழே தெரியும்படி இழுத்து, ஓரங்களைச் செருகுவார்கள். முடிந்ததும் யுகேந்திரன் வருவான். கூரை வேலையைக் குத்தகைக்கு எடுத்தவன். அவனும் இவர்களைப் போலத் தோட்டத்துக் கூலி வீட்டில் பிறந்து வளர்ந்தவன்தான். போனைத் தூக்கி நாலு மூலையிலிருந்தும் படம் எடுப்பான்.

"ஓக்கே லா, அழகா இருக்கு. எறக்குங்க. அடுத்த வீட்டுக்குப் போங்க."

போட்ட பஞ்சை மறுபடி எடுப்பார்கள். அடுத்த வீட்டில் விரிப்பார்கள். மறுபடி படம். மறுபடி எடுப்பு. மொத்தமே நாலு வீட்டுக்குத்தான் பஞ்சு வந்திருந்தது. ஆரம்பத்தில் எடுக்கும்போதெல்லாம் அது நார் நாராகக் கிழிந்தது. தனலெட்சுமிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்து, பாய் சுருட்டுகிற மாதிரி ஒருத்தி இழுக்க ஒருத்தி சுருட்ட, ஒரு நார் உதிராமல் வந்தது. யுகேந்திரன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க தனம் அக்கா கை பட்டா பஞ்சு கிழியாது" என்பான். அதைக் கேட்டால் அவளுக்கு அந்த வெக்கையிலும் உள்ளே கொஞ்சம் குளிரும். கூலி கொடுக்கிறவன் கைத்திறனைச் சொல்லிப் பாராட்டுவது எத்தனை பேருக்கு வாய்க்கிறது, சொல்லுங்கள்.

"அக்கா, போட்டதை எதுக்குத்தான் எடுக்கறோம்?" என்பாள் குமுதா.

"படம் சும்மா வேலை நடக்குதுன்னு காட்டறதுக்கு. மீதிப் பஞ்சு போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர்ல நிக்குதாம். வந்ததும் சீலிங் போர்டு அடிக்கிற ஆளுங்களே போட்டு மூடிருவாங்களாம். பாஸ் சொன்னாரு."

"ரெண்டு மாசமா வருது அந்தக் கண்டெய்னர். கப்பல்ல வருதா, நடந்து வருதா?"

"வாய மூடிக்கிட்டுச் சுருட்டு லா."

போர்டு அடிக்கிறவர்கள் பத்துப் பேர். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். சைட்டின் பின்பக்கம் கொங்சியில், தகரமும் பலகையும் வைத்து அடித்த கூடாரத்தில், தங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் ராமநாதபுரத்து ரியாஸ். பெண்கள் இறங்கிப் போன பிறகு மதியத்தில்தான் அவர்கள் மேலே ஏறுவார்கள். சாப்பாடும் தனித்தனி இடம். இவர்கள் படிக்கட்டடியில், அவர்கள் தண்ணீர்த் தொட்டி நிழலில். "அவனுங்க வந்துதான் நம்ம கூலி ஏறாம நிக்குது" என்று இந்தப் பக்கம் பேச்சு. "இந்த நாட்டு ஐசி அட்டை வச்சிருக்கிற திமிரு" என்று அந்தப் பக்கம் பேச்சு. ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிற இரண்டு கூட்டம் இரண்டு மாதமாக ஒரு வாய் வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. யுகேந்திரனும் அப்படித்தான் நேரம் பிரித்து வைத்திருந்தான்.

தனலெட்சுமியின் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபோது, இரண்டே வருஷம் என்று சொல்லிக் கொண்டுபோய் வைத்த நீள வீடு. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பலகைச் சுவர், தலைக்கு மேலே தகரம். புருஷன் நாகையா ஒரு காலத்தில் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. வெட்டிய இடம் வேர்வையில் ஊறி ஊறிப் புண்ணாகிக்கொண்டே இருந்தது. "காய்ந்த இடத்தில், குளிர்ச்சியாக வைக்க வேண்டும். இல்லையென்றால் தொடை வரைக்கும் போகும்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்குத் தகரத்துக்குக் கீழே எந்த இடம் குளிர்ச்சி? ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிடப்பார். அவள் வந்தால், "இன்னும் அஞ்சு நிமிசம் விட்டிருந்தா பதமா வெந்திருப்பேன் தனம். அவசரப்பட்டுக் கதவத் தொறந்துட்டே" என்பார். அவள் சிரிக்க மாட்டாள். புண்ணைத் துடைப்பாள். பலகையில் எழுதியிருந்த அந்தக் குளிர்ச்சியான வீடு ஒன்றுதான் அவளுக்குக் கண்ணில் தெரிந்த கரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகராண்மை மண்டபத்தில் வீட்டுக் குலுக்கல் நடந்தது. நீள வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் சி ப்ளாக் மேல்மாடி. தனலெட்சுமிக்கு ஐந்தாம் மாடியில் நாலாம் எண். குமுதாவுக்குப் பக்கத்து வீடு, ஐந்தாம் எண். ஒற்றைக் கால் மனிதரை வைத்துக்கொண்டு ஐந்து மாடியா என்று மேசையில் கேட்டாள். கீழ்மாடிகள் முன்பே முடிந்துவிட்டன என்றார்கள். எப்போது முடிந்தது, யாருக்கு முடிந்தது என்று சொல்லவில்லை.

நாகையா அதைக் கேட்டு, "ஒருக்கா தூக்கி மேல வச்சிரு. அப்புறம் நான் எறங்கறது ஒரே ஒரு தடவைதான். அது வரைக்கும் குளுகுளுன்னு இருந்தாப் போதும்" என்றார். ஆக, அந்த வீடு குளிர்ந்தால் அவருக்கு வீடு. கொதித்தால், இறங்கி ஓட வழியில்லாத அடுப்பு.

மண்டபத்துச் சுவரில் மேல்மாடி வீடுகளின் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஏ ப்ளாக் பத்து, பி ப்ளாக் பத்து, சி ப்ளாக்கில் இதுவரை எட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே, வெயில் தடுப்பு பொருத்தி முடிந்தது என்று மலாயில் எழுதி முத்திரை குத்தியிருந்தது. குமுதா படம் படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று வாயில் கை வைத்துச் சிரித்தாள்.

"அலமாக்! அக்கா, இங்க வந்து பாருங்க. ஒங்க பொட்டு எல்லார் வீட்டுலயும் இருக்கு!"

நம் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? புது லோரி வந்தால் பொட்டு, புதுத் தையல் மெஷின் வந்தால் பொட்டு. அரிசி மாவாட்டும் மிக்ஸிக்குக்கூடப் பொட்டு. வேலை தொடங்கிய அந்த வெள்ளிக்கிழமை, முதல் சுருளை விரித்ததும், தனலெட்சுமி கையில் கொண்டுவந்திருந்த சந்தனத்தைக் குழைத்து வெள்ளித்தாளின் நடுவில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தாள். நம்மாளுங்க குடியிருக்கப் போற இடம், நல்லாயிருக்கட்டும் என்று. சந்தனம் காய்ந்து வெள்ளித்தாளோடு தாளாக ஒட்டிப்போனது. விரலளவு கோணலாக, இடது பக்கம் கொஞ்சம் வழிந்து. ராசிச் சுருள் என்று அதையே ஒவ்வொரு வீட்டிலும் முதலில் விரித்தார்கள்.

ஏ ப்ளாக் முதல் வீட்டுப் படத்தில் அந்தப் பொட்டு இருந்தது. மூன்றாம் வீட்டில் இருந்தது. பி ப்ளாக் ஏழில் இருந்தது. சி ப்ளாக் நாலில், அவள் வீட்டில், இருந்தது. எல்லாவற்றிலும் இடது பக்கம் வழிந்து.

குமுதாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தனலெட்சுமி முத்திரையைப் பார்த்தாள். முடிந்தது, முடிந்தது, முடிந்தது. வேலை நடப்பதைக் காட்டச் சும்மா எடுத்த படமா இது? ஏ ப்ளாக்கில் சீலிங் மூடி வெள்ளையும் அடித்தாகிவிட்டதே. கண்டெய்னர் எப்போது வந்தது? யார் போட்டார்கள்?

திங்கட்கிழமை விடிவதற்குள் அவள் நேராகக் கொங்சிக்குப் போனாள். ரியாஸ் பல் விளக்கிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்த வாசலில் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. அவன் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையைத் தேடினான்.

"தம்பி, ஏ ப்ளாக் மூடுறப்ப மேல என்னா இருந்துச்சு?"

"மேலயா? கம்பி இருந்துச்சு. பல்லி இருந்துச்சு."

"பஞ்சு?"

"பஞ்சுதான் நீங்க போட்டுட்டீங்கள்ல அக்கா. தகரத்தோட ஒட்டி மேல்வரிசையில போட்டாச்சு, இருட்டுல கீழேருந்து தெரியாது, நீங்க மூடிட்டே போங்கன்னு பாஸ் சொன்னாரு."

"எங்ககிட்ட, நீங்க போட்டு மூடுவீங்கன்னு சொன்னாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரியாஸ் திருகு மெஷினை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஏ ப்ளாக் ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டில் ஏணி வைத்து, வெள்ளை அடித்த போர்டு ஒன்றின் ஆணிகளைக் கழற்றிக் கீழே இறக்கினான். நேற்றைய வெயில் இன்னும் அங்கேதான் இருந்தது. இருட்டுப் பொந்திலிருந்து புழுங்கிய காற்று இறங்கி இருவர் முகத்திலும் அடித்தது. உள்ளே கம்பி. அதற்கு மேலே வெறும் தகரம். அவ்வளவுதான்.

"நாங்க பூராத்தையும் மூடிட்டோமே அக்கா" என்றான் ரியாஸ்.

"நான் பூராத்தையும் சுருட்டிட்டேனே தம்பி. கிழியாம."

ஏணியிலிருந்து இறங்கும்போது அவன் தயங்கினான். "என் பேரு வெளிய வராமப் பாத்துக்கங்க. பாஸ்போர்ட்டு அவரு மேசையிலதான் கெடக்கு. ஊர்ல என் வீட்டுக்காரி அஃப்ரினுக்கு இது எட்டாம் மாசம்." அவள் தலையாட்டினாள். அவளுக்கு ஆத்திரம். யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் முதலில் தன் கை மேல்தான்.

யுகேந்திரனின் ஆபீஸ் ஒரு பழைய கண்டெய்னர் பெட்டி. உள்ளே குளிர்சாதனம் பதினெட்டு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகு வேர்வை ஐஸாக மாறியது.

"வாங்கக்கா, உக்காருங்க. மைலோ குடிக்கிறீங்களா?"

"ஏ ப்ளாக்குல பஞ்சு இல்ல பாஸ்."

"யாரு சொன்னா?"

"பல்லி சொல்லுச்சு."

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பை மடித்து வைத்தான். "வெல ஏறிப்போச்சுக்கா. மேல இருக்கற பெரிய கம்பெனி என்னை நசுக்குது. நான் யாரை நசுக்கறது?"

"அதான் பாத்துக்கிட்டு நிக்கிறேனே."

"கூரைக்கு மேல வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கு. போதும் லா. நீங்கள்லாம் பன்னெண்டு வருசம் தகரத்துக்குக் கீழ கெடந்தவங்க. பழகுன ஒடம்பு."

"நீங்களும் தோட்டத்து லயத்துல பொறந்தவருதானே பாஸ். ஒங்க ஒடம்புக்கு மட்டும் எப்படிப் பதினெட்டு பழகுச்சு?"

அவன் முகம் சிவந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினான். அந்த மெதுவுக்குத்தான் பயப்பட வேண்டும், கண்ணுகளா.

"சரி. போய்ச் சொல்லுங்க. படத்துல இருக்கற பொட்டு யாரோட பொட்டு? எடுத்து எடுத்து வச்சது யாரு கை? நகராண்மைய ஏமாத்துனவங்கன்னு யார் பேரு மொதல்ல வரும்? அந்தப் பேருக்கு வீடு குடுப்பாங்களா?" அவன் குரலை இன்னும் இறக்கினான். "அண்ணனுக்குக் கால் சரியில்லன்னு எனக்குத் தெரியாதா? ஒங்க வீட்டுக்கு மட்டும் பஞ்சு போட்டுக்கங்க. ஒரு அடுக்கு இல்ல, ரெண்டு அடுக்கு. நாளைக்கே போடுங்க. மூடிருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வெயில் அறைந்தது.

சாயங்காலம் நாகையாவிடம் சொன்னாள். அவர் ஏதாவது நியாயம் பேசுவார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"வாங்கிக்க" என்றார் அவர்.

"என்னாங்க சொல்றீங்க?"

"வாங்கிக்கன்னு சொல்றேன். மானம் ரோசம்லாம் ரெண்டு கால் இருந்தப்ப இருந்துச்சு. இப்ப எனக்குக் குளுந்த காத்து போதும்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பலகைக்கு அந்தப் பக்கம் குமுதாவின் கைக்குழந்தை வெக்கையில் சிணுங்கிக்கொண்டிருந்தது. குமுதா விசிறிமட்டையால் விசிறுகிற சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை விடியலில் தனலெட்சுமி தன் வீட்டில் பஞ்சு விரித்தாள். தன் வீடு. ஐந்தாம் மாடி, நாலாம் எண். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது அடுக்குக்குக் குமுதாதான் சுருளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் ஓயாத வாய் அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. கடைசிச் சுருளைக் கொடுக்கும்போதுதான் சொன்னாள்:

"மூலையில நல்லாச் செருகுங்கக்கா. இடுக்கு விட்டா அங்கேருந்து சூடு எறங்கும். மாமா பாவம்."

தனலெட்சுமியின் கை கம்பியிலேயே நின்றுவிட்டது. நேற்றுப் பேசியது பலகைச் சுவர் வழியாக இவளுக்குக் கேட்டிருக்கிறது. நேற்று ஆபீஸ் பெட்டிக்குள் போனது தெரியும். இன்றைக்கு ஒரே வீட்டுக்கு இரண்டு அடுக்கு ஏன் என்று தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக்கு ஒன்றும் வராது என்றும் தெரியும். தெரிந்தே தூக்கிக் கொடுக்கிறாள். திட்டியிருந்தால் தனலெட்சுமி தாங்கியிருப்பாள். அவள் இறங்கி, முகத்துணியை அவிழ்த்து, ஏணிப்படியில் உட்கார்ந்தாள்.

"குமுதா, என்னைக் காறித் துப்பு."

"எச்சில் இல்லக்கா. தொண்டை காஞ்சு போச்சு."

இருவரும் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து கீழே இறங்கினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பெண்களும் தூக்குச்சட்டிகளோடு தண்ணீர்த் தொட்டி நிழலுக்குப் போனார்கள். பத்து ஆண்களும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு விழித்தார்கள். தனலெட்சுமி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சைச் சொன்னாள், பொட்டைச் சொன்னாள். யுகேந்திரன் தந்த இரண்டு அடுக்கையும், அதைத் தான் விரித்ததையும் மறைக்காமல் சொன்னாள். திறந்து பார்த்த போர்டைத் தான் ஒருத்தியே பார்த்ததாகச் சொன்னாள்.

கூட்டம் சட்டென்று ஒன்றாகிவிடவில்லை. அப்படியெல்லாம் ஆவதில்லை.

"ஒங்களுக்கு ஐசி இருக்கு, வாய் நீளும். எங்களைக் கப்பலேத்தி விட்டா யாரு கேப்பா?" என்றான் மூலையில் இருந்த சுகுமாறன்.

"கூலிய எறக்கி விட்டவங்க நீங்க. இப்ப வாய எறக்கணுமா நாங்க?" என்று பாய்ந்தாள் குமுதா.

"நாங்க எங்கக்கா எறக்குனோம்? ஒங்களுக்கு என்ன கூலின்னே இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது."

"ஒங்க கூலி எங்களுக்கும்தான் தெரியாது."

கேட்காமலே இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. ரியாஸ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"அந்தப் போர்டைக் கழட்டுனது நான்தான். அக்கா எனக்காக மறைக்கிறாங்க. குடியிருக்கறது நாம இல்ல, சரி. ஆனா மூடுறது நம்ம கை. மேல ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சப்புறமும் ஆணி திருகுனா, இத்தனை நாளு பாஸ் செஞ்ச ஏமாத்து வேலைய இனிமே நாம செய்யறோம். பஞ்சு ஒக்காராத வீட்டுல நான் ஒரு ஆணி திருக மாட்டேன்."

"விரிச்ச பஞ்சை இனி நாங்க எடுக்க மாட்டோம்" என்றாள் தனலெட்சுமி. "மொதல்ல என் வீட்டுல ரெண்டாவது அடுக்கை எடுத்து குமுதா வீட்டுல போடுறேன். அது ஒண்ணுதான் கடைசியா எடுக்கறது."

சுகுமாறன் முணுமுணுத்தான், தலையைச் சொறிந்தான். கடைசியில், "எனக்குப் பயமா இருக்கு. ஆனா வரேன்" என்றான். பயமில்லாதவன் ஒருத்தனும் அங்கே இல்லை.

புதன்கிழமை சி ப்ளாக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட நகராண்மையிலிருந்து புவான் ஹஸ்னா என்ற பொறியாளர் அம்மா வருவதாக இருந்தது. அதற்குள் மூடிவிட வேண்டும் என்று யுகேந்திரன் காலையிலேயே கத்தினான். ரியாஸ் திருகு மெஷினைக் கீழே வைத்தான். பின்னாலேயே ஒன்பது மெஷின்கள் தரையில் உட்கார்ந்தன. பதினெட்டுப் பேரும் சி ப்ளாக் மாடிப்படியில், நாலு படிக்கு ஒருவராக, முதல் மாடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை உட்கார்ந்துகொண்டார்கள். குமுதா தகவல் சொல்லி, நீள வீட்டிலிருந்து கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும்கூட வந்து கீழே நின்றார்கள்.

"ஏய், எந்திரிங்கடா! பெர்மிட்டக் கிழிச்சிருவேன். ரியாஸ், ஒன் பாஸ்போர்ட்டு எங்க இருக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியும் பாஸ். எங்க இருக்கணும்ங்கறதும் தெரியும்."

பொறியாளர் வந்து படியைப் பார்த்துத் திகைத்தார். என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். யுகேந்திரன் முந்திக்கொண்டு கூலிப் பிரச்சினை என்றான். தனலெட்சுமி மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவளுடைய மலாய் பாசார் மலாய், கடைத்தெருப் பேச்சுதான். ஆனால் அன்றைக்கு ஒரு சொல் இடறவில்லை.

"புவான், மண்டபத்துல ஒட்டியிருக்கற படம் எல்லாத்துலயும் ஒரு செவப்புப் பொட்டு இருக்கும். அது என் பொட்டு. ஒரே பஞ்சைத்தான் எல்லா வீட்டுலயும் போட்டுப் போட்டு எடுத்தோம். எடுத்தது நான். என் பேரையும் எழுதிக்கங்க. எழுதிட்டு, மேல வந்து பாருங்க."

ஹஸ்னா கைப்பையிலிருந்து போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு படம், இன்னொரு படம். அவர் நெற்றி சுருங்கியது. அந்த முத்திரைகளில் அவருடைய கையெழுத்தும் இருந்தது, பாருங்கள்.

"நான் மேலே பார்த்தால் எழுதியாக வேண்டும், காக்" என்று மலாயில் அக்கா முறை வைத்துச் சொன்னார். "எழுதினால் வேலை நிற்கும். வீடு கிடைப்பது தள்ளிப்போகும். எத்தனை மாதம் என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் பெயரும் விசாரணைக்கு வரும்."

கீழே நின்ற கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பன்னிரண்டு வருஷம் போதாதா என்று யாரோ அழுதார்கள். தனலெட்சுமிக்கு நாகையாவின் புண் கண் முன்னால் வந்தது. வழியை விட்டு ஒதுங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க புவான்" என்றாள்.

படியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏணியை ரியாஸ் பிடித்துக்கொண்டான்.

அன்று மதியமே நகராண்மை ஆட்கள், வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். யுகேந்திரன் கேட்டைப் பூட்டினான். பொழுது சாய்வதற்குள் கொங்சியையும் பூட்டி, பத்துப் பேரின் பைகளையும் சாலை ஓரத்தில் எறிந்தான். பாஸ்போர்ட்டுகளைத் தரவில்லை. பைகளைத் தேடி எடுத்துக்கொண்டு நின்றவர்களிடம் நீள வீட்டுப் பெண்கள் போனார்கள். வீட்டுக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த வெந்துபோன தகரத்துக்குக் கீழே, ஏற்கெனவே நெருக்கமாகக் கிடக்கிற இடத்தில், இன்னும் இரண்டு பாய். தனலெட்சுமி வீட்டுக்கு ரியாஸும் சுகுமாறனும் வந்தார்கள். நாகையா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் காலை மடக்கி, பாயில் இடம் விட்டார்.

"ரெண்டடுக்கு போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு."

"ம்." அப்புறம் சுகுமாறனிடம், "தம்பி, பாஸ்போர்ட்டப் பிடிச்சு வைக்கிறது இந்த நாட்டுச் சட்டத்துலயே தப்பு. லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். நான் லோரி ஓட்டுனப்ப இந்த மாதிரி நாலு பேருக்கு எழுதியிருக்கேன். என் கையெழுத்து அழகா இருக்கும். பேனா எடு" என்றார்.

வியாழக்கிழமை விடியலில் வேலை இல்லை. இருந்தாலும் எல்லாரும் போனார்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் பதினெட்டுப் பேர். பின்னால் நீள வீட்டு ஆட்கள். அதற்கும் பின்னால், செய்தி கேட்டு ஏ ப்ளாக்குக்கும் பி ப்ளாக்குக்கும் குடிவரப் போகிற மலாய்க்காரரும் சீனருமாகச் சிலர். யாருடைய கூரையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது. விசாரணைக் கடிதம் வரும் என்கிறார்கள். பெர்மிட் போகுமோ என்னவோ. நாகையாவின் கால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பஞ்சு இன்னும் வரவில்லை. ஆனால் அந்த நாற்பது வீட்டின் சீலிங்கில் அதற்குப் பிறகு ஒரு ஆணி ஏறவில்லை. குமுதா தன் சட்டியைத் திறந்து ரியாஸிடம் நீட்டி, "எடு லா. நாளைலேர்ந்து ஒங்க கூலி என்னா, எங்க கூலி என்னான்னு ஒரே காகிதத்துல எழுதப் போறோம்" என்றாள். அவர்கள் ஒரே சட்டியில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதைப் பார்த்தபடி, அந்த இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டீர்களா கண்ணுகளா. எழுந்து போகிற உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கட்டுகிற வீட்டில் நீங்களே குடியிருக்கும் நாள் வரட்டும். உங்கள் வாசலுக்குள் பொய் நுழையாமல், நல்ல காற்று மட்டும் நுழையட்டும். உங்கள் பிள்ளைகள் வேர்க்காமல் தூங்கட்டும். நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். அண்டை வீட்டுக்காரர் குரல் கேட்டால் திறக்கிற கதவாக உங்கள் கதவு என்றைக்கும் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.